கிண்ணத்துரை வேஷம்

ஈச்சங்காட்டில் கிண்ணத்துரை வேஷம் கட்ட ஓர் ஆண்பிள்ளை அகப்படவில்லை. வாலிபர்களில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள். மீதிப் பேர் குடகுப் பக்கம் மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். மலைமேல் ஊரில் மிச்சமிருந்தவர்களில் மாதையனுக்கு முன்பற்கள் இல்லை. ‘சிப்பாய்களே’ என்று சொல்லச் சொன்னால் காற்றுதான் வந்தது. குமரேசனுக்கு நல்ல உயரம். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் அவன் முழங்கால் தனியாக ஆட ஆரம்பித்துவிடும். சமுதாயக் கூடத்தில் கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகளிர் குழு வெள்ளையம்மாள் வாயிலிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்.

“இன்னாத்துக்கு இவ்ளோ ரோசன? நம்ம தேவயானிக்கு ஒரு மீசய ஒட்டுங்க. முடிஞ்சுது.”

எல்லோரும் சிரித்தார்கள். தேவயானியும் சேர்ந்து சிரித்தாள். சற்று நேரம் கழித்துத்தான், மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன்னையே ஏற இறங்கப் பார்ப்பதைக் கவனித்தாள்.

“யக்கா, வெளையாடாத,” என்றாள்.

“யாரு வெளையாடறது? ஒன் ஒயரத்துக்கும் தோளுக்கும் ஒனக்குத்தான் கோட்டு நிக்கும். காட்டுப்பன்னி வெரட்டறப்ப நீ போடற சத்தத்துல பன்னி மட்டுமா ஓடுது? எம் மருமவனும் ஓடறான்.”

ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் அந்த வருஷம் நாடகப் போட்டி வைத்திருந்தார்கள். மலையின் வரலாறு ஏதாவது ஒன்றை ஒவ்வோர் ஊரும் மேடையேற்ற வேண்டும். ஈச்சங்காட்டுக்கு என்ன வரலாறு என்று யோசித்தபோது, மலையிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தும் அசோக்குமார் சார்தான் கிண்ணத்துரையை எடுத்துக் கொடுத்தார். அவருக்குச் சொந்த ஊர் கீழே கண்ணமங்கலம். சனிக்கிழமை இறங்கித் திங்கட்கிழமை ஏறி வருகிறவர்.

ஊர்க் கோடியில் பலாமரத்தடியில் ஒரு கல்லறை உண்டு. அதில் இங்கிலீஷில் ‘ஈவன் கின்னியர்’ என்ற பேரும், கர்னல் என்ற பட்டமும், ஸ்காட்லாந்து என்ற தேசமும் வெட்டியிருக்கும். கின்னியர் மலைக்காரர் வாயில் கிண்ணத்துரை ஆகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கிண்ணம் கிண்ணமாகக் கஞ்சி குடித்தவர், அதனால் அந்தப் பேர் என்றும் சிலர் சொல்வார்கள். அவர் சாமி இல்லை. அவரிடம் யாரும் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. பொங்கலன்று மட்டும் அக்கம்பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி அந்தக் கல்லின் மேலும் ஒரு கரண்டி வைத்துவிட்டு வருவார்கள்.

தேவயானி அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். சின்னராஜ் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு ஆலங்காயம் சந்தைக்கு மினி வேன் ஓட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். வண்டியில் கூட வருகிறவர்கள் பேச, அவன் தலையாட்டிக்கொண்டே மலையிறங்கிவிடுவான்.

“நான் துர வேஷம் கட்டணுமாம்யா. மீச வெச்சி.”

சின்னராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் மேலுதட்டின் மேல் ஒரு மீசையை மனதுக்குள் ஒட்டிப் பார்த்தவன் போலிருந்தது. பிறகு, “நல்லாத்தான் இருக்கும்,” என்றுவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

அவ்வளவுதான் அவனிடமிருந்து வந்தது. தேவயானிக்கு அது போதுமாக இருந்தது.

முதல் ஒத்திகையன்று அசோக்குமார் சார் கர்னலின் கதையைச் சொன்னார். இணையத்தில் தேடியும், பட்டாளச் சரித்திரங்களைப் புரட்டியும், மலைக்காரர்களைக் கேட்டும் அவர் சேர்த்து வைத்திருந்த கதை. சாமை அரைக்கும் மிஷினை நிறுத்திவிட்டு மகளிர் குழுப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்தவன் ஈவன். வருஷத்தில் பாதி நாள் மழையும் மீதி நாள் குளிர்காற்றுமான ஊர். அப்பனைக் கடல் கொண்டுபோனது. வீட்டில் ஆறேழு குழந்தைகள். அம்மா தினமும் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள்; அதுவும் பற்றாமல் போனபோது பையன் பட்டாளத்தில் சேர்ந்தான்.

“டிவில விளம்பரத்துல வருமே சார், அந்த ஓட்ஸா?” என்று வெள்ளையம்மாள் கேட்டாள்.

“அதே ஓட்ஸுதான்மா.”

“அத நம்ம டாக்டரு ஒடம்பு எளைக்க இல்ல துன்னச் சொல்றாரு! அதத் துன்னுட்டு ஒருத்தன் பட்டாளத்துக்கே போய்ட்டானா!”

பட்டாளம் அவனைப் பனி கொட்டும் தேசத்துக்கு அனுப்பியது. அங்கே சண்டையைவிடக் குளிரும் பேதியும் அதிகம் பேரைக் கொன்றன. அவன் பிழைத்தான். பிறகு கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். வடக்கே ஒரு கோட்டை. ஏணி சாத்தி முதலில் மேலே ஏறியவன் அவன். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அதற்காக அவனை இங்கிலாந்துக்கு அழைத்து மகாராணி தன் கையாலேயே நெஞ்சில் பதக்கம் குத்தினாள். சாதாரணச் சிப்பாயாக வந்தவன் படிப்படியாக உயர்ந்து கர்னல் ஆனான். கடைசியில் வேலூர்க் கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு மலேரியா. மேலே குளிர்ந்த காற்று இருக்கிறது, போய்ப் படுத்துக்கொள் என்று டாக்டர் சொல்ல, அமிர்திக் காட்டு வழியாக டோலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். ஈச்சங்காட்டில் ஒரு வீட்டில் சாமைக் கஞ்சி கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு அந்த ஆள் அழுதாராம். அவர் அம்மா ஊற்றிய கஞ்சியின் ருசி அதில் இருந்ததாம். பென்ஷன் வாங்கிய பிறகு அவர் ஊருக்குத் திரும்பவேயில்லை.

“இங்கயே இருந்து இன்னா பண்ணாரு?” என்றாள் தேவயானி.

“ஓட்ஸ் பயிர் பண்ணிப் பாத்தாரு, வரல. தமிழ் பேசிப் பாத்தாரு, அதுவும் சரியா வரல. கல்யாணம் காச்சின்னா மொத ஆளா வந்து ஆடுவாரு. அது மட்டும் நல்லா வந்துதாம்.”

பெண்கள் கை தட்டிச் சிரித்தார்கள். தேவயானிக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போயிற்று.

வேஷத்துக்குத் துணிமணி சேர்ப்பதே ஒரு திருவிழாவாக இருந்தது. பள்ளிக்கூடத்து பேண்டு வாத்தியக் குழுவின் பழைய சிவப்புக் கோட்டு கிடைத்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கால்சட்டைக்குப் பதில் கட்டம் போட்ட பாவாடை கட்டுவார்கள் என்று அசோக்குமார் சார் படம் காட்டியதும், வெள்ளையம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சின்னராஜின் பச்சைக் கட்ட லுங்கியை உருவிக்கொண்டு போய், மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொண்டு வந்துவிட்டாள். “முட்டிக்கு மேல நிக்குதே யக்கா!” என்று தேவயானி அலறினாள். உள்ளே கறுப்பு லெக்கின்ஸ் போட்டுக்கொள்வது என்று தீர்மானமாயிற்று.

வெள்ளையம்மாளுக்கு மகாராணி வேஷம். அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை; அவளே எடுத்துக்கொண்டாள். டோலி தூக்க மாதையனும் குமரேசனும். கோட்டைச் சுவரின்மேல் நின்று கர்னலை எதிர்க்கும் சிப்பாய்க்குத்தான் ஆள் இல்லை. வசனம் எதுவும் இல்லாத வேஷம். வாள் வீசி, குத்து வாங்கி, விழுந்து சாக வேண்டும். ஒத்திகை பார்க்க வந்து கதவோரம் நின்றிருந்த சின்னராஜைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள்.

அங்கேதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சின்னராஜ் செத்தான், அப்படி ஒரு சாவை ஈச்சங்காடு பார்த்ததில்லை. தேவயானியின் மரவாள் அக்குளில் நுழைந்ததும் அவன் கண்ணை உருட்டினான். ஒரு சுற்றுச் சுற்றினான். தூணைப் பிடித்தான், தூண் கைவிட்டது. பெஞ்சியில் சாய்ந்தான், பெஞ்சியும் கைவிட்டது. தரையில் விழுந்து இரண்டு தடவை துள்ளி, செத்துவிட்டான் என்று எல்லோரும் மூச்சு விட்டபோது ஒரு காலை மட்டும் தூக்கி உதறினான்.

கூடமே எழுந்து நின்று சிரித்தது. அன்றிலிருந்து சாயங்காலமானால் தேவயானி தன் புருஷனைக் கொல்லுவதைப் பார்க்க ஊரே திரண்டது. சின்னராஜ் சந்தையிலிருந்து வேனை விரட்டிக்கொண்டு நேரத்துக்கு வந்துவிடுவான். ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது ஒரு சாவைக் கொண்டுவருவான். ஒரு நாள் நின்ற வாக்கிலேயே செத்தான். இன்னொரு நாள் செத்த பிறகு எழுந்து வந்து சுவரிலிருந்து தள்ளிப் படுத்துக்கொண்டான், தேள் இருக்கும் என்று.

“இத்தினி வருசம் கூட இருந்தேன். இந்தாளுக்குள்ள இவ்ளோ இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுக்கா,” என்றாள் தேவயானி.

“கொன்னு பாத்தாத்தானே தெரியும்,” என்றாள் வெள்ளையம்மாள்.

ஒரு நாள் சாமைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டே தன் வசனத்தைச் சொல்லிப் பார்த்தபோது தேவயானிக்கு ஒரு சந்தேகம் வந்தது. ‘எதிரியை வீழ்த்தினேன், என் மகாராணியின் கொடியை ஏற்றினேன்’ என்ற இடம். எதிரி என்றால் யார்? அதுவரை அவளுக்கு அது சின்னராஜ்தான். சிரிப்பு மும்முரத்தில் அவள் வேறெதையும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் ஒத்திகைக்கு முன்னால், நாடகத்தை எழுதிய சாரிடமே கேட்டாள். “சார், கோட்ட மேல நிக்கறவன் எந்த ஊரு ஆளு?”

அசோக்குமார் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வடக்க. நம்ம நாட்டு ஆளுதான்மா. வெள்ளைக்காரன எதிர்த்து எழுந்த சிப்பாய்ங்கள்ல ஒருத்தன்.”

“அப்ப அந்தப் பதக்கம் அவனக் கொன்னதுக்கா?”

“ஆமா.” அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எழுதறப்ப எனக்கும் உறுத்திச்சு. விழாவுல இன்னா சொல்லுவாங்களோன்னு எதிரின்னு போட்டுட்டு மேல போய்ட்டேன்.”

“அவன் பேரு இன்னா சார்?”

“தெரியாதும்மா. பதக்கம் வாங்குனவங்க பேரத்தான் எழுதி வெச்சிருக்காங்க.”

தேவயானி கையிலிருந்த மரவாளைப் பெஞ்சியின்மேல் வைத்துவிட்டாள். “நம்ம ஆளக் கொன்னுட்டு நான் எப்டி சார் நெஞ்ச நிமித்திக்கினு நிக்கறது? என்னால ஆவாது.”

“அடியே, விழாவுக்கு இன்னும் ஒரு வாரந்தான் கீது. இப்ப போய்ச் சொல்றியே!” என்று வெள்ளையம்மாள் பதறினாள். அவள் மகாராணி கிரீடத்துக்கு அப்போதுதான் ஜிகினா ஒட்டி முடித்திருந்தாள்.

அன்று ஒத்திகை நடக்கவில்லை. சின்னராஜ் சாகாமலேயே வீடு திரும்பினான்.

மறுநாள் முழுக்க தேவயானி கொல்லையிலேயே இருந்தாள். அந்தக் கர்னல்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கஞ்சி குடித்துவிட்டு அழுத ஆளை நினைத்தால் கோபம் தங்கமாட்டேன் என்றது. பசியால் பட்டாளத்துக்கு வந்த பையன். கோட்டைமேல் நின்றவனும் யாரோ ஒரு பசித்த வீட்டுப் பையனாகத்தான் இருந்திருப்பான். ஒருவனைப் பற்றி இத்தனை கதை இருக்கிறது. இன்னொருவனுக்குப் பேர்கூட இல்லை. வெயில் சாயும்வரை அதையே புரட்டிப் புரட்டி யோசித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள்.

“சார், ஒளிக்காம சொல்லிடலாம். இவன் அவனக் கொன்னான்னே சொல்லலாம். அப்பறம் நம்மூருக்கு வந்து கஞ்சி குடிச்சான், ஆடுனான்னும் சொல்லலாம். ரெண்டும் ஒரே ஆளுதானே? ஒண்ண மறச்சிட்டு ஒண்ண சொன்னா அது அவுரு இல்ல. அந்த சிப்பாய்க்கு மட்டும் ஒரு வார்த்த பேச்சு குடுங்க. பேருதான் இல்ல, பேச்சாச்சும் இருக்கட்டும்.”

அசோக்குமார் சாரின் முகம் மலர்ந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினார். எழுதியதெல்லாம் நீளமாக வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரியை வைத்துக்கொண்டார். சின்னராஜ் அதை வாங்கி, இரண்டு நாள் வேன் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தான்.

விழா நாள் காலையிலேயே ஜமுனாமரத்தூர் நிரம்பி வழிந்தது. பலாப்பழமும் தேனும் விற்கிற கடைகள், ராட்டினம், ஒலிபெருக்கியில் ஓயாத அறிவிப்பு. கீழேயிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஈச்சங்காட்டு நாடகம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. வானம் லேசாக மூடியிருந்தது, காற்று குளுகுளுவென்று வீசியது. மேடைக்குப் பின்னால் தேவயானிக்கு மீசை ஒட்டினார்கள். கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவளே ஒரு சல்யூட் வைத்துக்கொண்டாள்.

திரை விலகியதும் கூட்டம் அவளைப் பார்த்து ஒரு கணம் திகைத்தது. பிறகு, “டேய், பொம்பளடா!” என்று யாரோ கத்த, விசில் கிளம்பியது. அவள் வாயைத் திறந்தாள். “எங்கூரு கடலோரம். எங்கப்பனக் கடலு துன்னுடுச்சி. எங்கம்மா ஊத்துன கஞ்சிதான் எனக்கு ஒடம்பு!” என்ற முதல் வசனத்திலேயே கூட்டம் அடங்கிவிட்டது. பனி தேசத்துக் காட்சியில் அவள் நடுங்கிய நடுக்கத்துக்கு முன்வரிசையில் ஒரு குழந்தை தன் ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டியது.

பிறகு கோட்டை. மேசைமேல் மேசை போட்டு, காக்கித் தாள் ஒட்டிச் சுவர் செய்திருந்தார்கள். தேவயானி ஏணியில் ஏறினாள். மேலே சின்னராஜ் நின்றான். தலைப்பாகை, இடுப்பில் கச்சை, கையில் வாள். அவன் அவளைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், தன் ஒற்றை வரியைச் சொன்னான்.

“இது எங்க ஊரு. நீ எதுக்குடா வந்த?”

மைதானமே வெடித்தது. விசில், கைதட்டல், துண்டைச் சுழற்றுகிறவர்கள், நாற்காலிமேல் ஏறி நின்றவர்கள். தன் வாழ்நாளில் யாரும் கை தட்டிக் கேட்டிராத சின்னராஜின் மார்பு அப்படியே ஓர் அங்குலம் உயர்ந்ததைத் தேவயானி பார்த்தாள். அவள் வாளை வீசினாள். அவன் தடுத்தான். ஒத்திகையில் தடுக்கிற வழக்கம் இல்லை. மறுபடி வீசினாள், மறுபடி தடுத்தான். அக்குளில் குத்தினாள், வாளைக் கையால் பிடித்துக்கொண்டான்.

“சாவுய்யா,” என்றாள் மீசைக்கு அடியில்.

“கொஞ்சம் இரு,” என்றான் அவன்.

“வுடாத மாமா! தள்ளு அவன!” என்று கூட்டம் கூவியது. மேடைப் பக்கவாட்டில் அசோக்குமார் சார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகாராணி காத்திருந்தாள். தேவயானியின் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. சின்னராஜ் சாகிற மாதிரி தெரியவில்லை. சொல்லப்போனால், அவன் ஜெயித்துவிடுவான் போலிருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கூட்டத்தைப் போலவே அவளுக்கும் அவன் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது. அதனாலேயே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாளைத் தாழ்த்தினாள். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“நீங்க தட்டறது எனக்குக் கேக்குது. இவன் நிக்கணும்னு எனக்கும் ஆசதான். ஆனா அன்னிக்கு இவன் நிக்கல. நாந்தான் கொன்னேன். எனக்கு அப்ப சின்ன வயசு, இவனுக்கும் அவ்ளோதான் இருக்கும். இவன் வூட்டுல யாரு காத்துக்கினு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. பேருகூடத் தெரியாது. எம்பேரு மட்டும் கல்லுல கீது.”

இது எழுதிவைத்த வசனம் இல்லை. விசில் ஒவ்வொன்றாக அடங்கியது. தூரத்தில் ராட்டினம் கிறீச்சிடுகிற சத்தம்கூடக் கேட்டது.

அவள் சின்னராஜ் பக்கம் திரும்பினாள். அவன் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மார்பு மெல்ல இறங்கியது. அவன் சுற்றவில்லை, துள்ளவில்லை, காலை உதறவில்லை. வாளைக் கீழே வைத்துவிட்டு முழங்காலிட்டான். பிறகு களைத்துப்போனவன் படுக்கிற மாதிரி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். தேவயானி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண்ணிமைகளை மூடிவிட்டாள். அவள் விரலில் ஈரம் பட்டது. வேர்வையா, கண்ணீரா என்று அவள் பார்க்கவில்லை.

மகாராணி மேடைக்கு வந்தாள். வெள்ளையம்மாளுக்கு வீரத்தைப் பற்றிய நீளமான வசனம் ஒன்று இருந்தது. அதை அவள் விட்டுவிட்டாள். படுத்திருந்தவனைப் பார்த்தாள், நின்றிருந்தவளைப் பார்த்தாள், பதக்கத்தைச் சிவப்புக் கோட்டில் குத்தினாள்.

“வாங்கிக்கோப்பா. சின்னதாத்தான் தெரியும். சொமக்கறது கஷ்டம்,” என்றாள்.

அப்போது கிளம்பிய கைதட்டல் முன்பு கேட்டது போல இல்லை. மழை தூரத்திலிருந்து நெருங்கி வருகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்து நிறைந்தது.

அதற்குப் பிறகு நாடகம் தானாகவே ஓடியது. காய்ச்சலில் பிதற்றும் கர்னலை மாதையனும் குமரேசனும் டோலியில் தூக்கி வந்தார்கள். குமரேசனின் முழங்கால் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மலையேறுகிறவனை எப்படி நடித்துக் காட்டுகிறான் பார் என்று கூட்டம் மெச்சியது. கஞ்சிக் கிண்ணம் வந்தது. ஓட்ஸ் விதைத்தார் கர்னல், முளைக்கவில்லை. ‘சாமை நல்லா இருக்கீங்களா?’ என்று அவர் தமிழில் கேட்க, பயிரையே மரியாதையாக விசாரிக்கிறாரே என்று மலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் கல்யாண வீடு. பம்பை அடித்துக்கொண்டு மேடைக்கு வந்தது யார் என்று பார்த்தால் சின்னராஜ். வேறு ஆள் இல்லாததால் அந்த வேஷமும் அவனுக்குத்தான்.

“செத்தவன் எழுந்து வந்துட்டான்டோய்!” என்று ஒரு குரல் எழ, மைதானம் குலுங்கியது. பச்சைக் கட்ட லுங்கியைச் சுழற்றிக்கொண்டு கர்னல் ஆடினார். மகாராணிக்கு அந்தக் காட்சியில் வேலையே இல்லை. இருந்தாலும் கிரீடத்தோடு வந்து அவளும் ஆடினாள். கீழே உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். அடுத்த ஊர் நாடகத்தை அறிவிக்க வந்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பார்த்துவிட்டு, அவரும் தோளை அசைத்தார்.

முதல் பரிசு வேறோர் ஊருக்குப் போயிற்று. ஈச்சங்காட்டுக்கு இரண்டாவது. கேடயத்தை யார் தூக்கி வருவது என்று மாதையனும் குமரேசனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் ஒரு பெரியவர் வந்தார். நரைத்த கிராப்பு, வெட்டிவிட்ட மீசை, நிமிர்ந்த முதுகு. பேர் அர்ச்சுனன், கண்ணமங்கலத்துப் பக்கம் ஊர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அசோக்குமார் சார் சொன்னார். அவர் தேவயானியைத் தாண்டிப் போனார். வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்த சின்னராஜின் முன்னால் போய் நின்று, காலைச் சேர்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

சின்னராஜ் பதறிப்போய்த் தானும் ஒன்று வைத்தான், இடது கையால்.

“எதிர்த்தரப்புல நிக்கறவனுக்கும் மரியாத குடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. மேடைல அத யாரும் செஞ்சி நான் பாத்ததில்ல,” என்றார் அர்ச்சுனன். பிறகு தேவயானியைப் பார்த்து, “எங்க ஊர்ல வூட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருக்காங்கம்மா. ஆடி மாசம் மாரியம்மனுக்கு விழா. எல்லாரும் லீவுல வருவாங்க. நீங்க வந்து இத ஆடணும்,” என்றார்.

தேவயானி சரியென்று தலையை ஆட்டினாள். சின்னராஜ்தான் முந்திக்கொண்டு கேட்டான்.

“அங்கயும் நான் சாவணுமாங்க?”

“கண்டிப்பா.”

“இப்ப செத்த மாதிரியா, சுத்திச் சுத்தி சாவறதா? ரெண்டும் வரும்.”

அர்ச்சுனன் சிரித்த சிரிப்பில் அவர் முதுகு முதன்முறையாக வளைந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் எல்லோருமாகக் கடைத்தெருவில் பரோட்டா சாப்பிடப் போனார்கள். வெள்ளையம்மாள் கிரீடத்தைக் கழற்ற மறுத்துவிட்டாள். “மகாராணி, இன்னும் கொஞ்சம் சால்னா ஊத்தட்டுங்களா?” என்று பரிமாறுகிறவன் கேட்க, “தாராளமா ஊத்து, இந்த சாம்ராஜ்யத்துல கொறயா இன்னா?” என்றாள் அவள். பக்கத்து மேசையில் ஆலங்காயத்துக்காரர்கள் சிலர் சின்னராஜை அடையாளம் கண்டுகொண்டு விசாரித்தார்கள். அவன் கையில் பரோட்டாத் துண்டோடு, அன்று ஏன் முதலில் சாகவில்லை, பிறகு ஏன் செத்தான் என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். இடையில் ஒரு தடவை எழுந்து நின்றும் காட்டினான்.

உதட்டுக்கு மேல் பசை ஒட்டிய இடம் தேவயானிக்கு அரித்தது. அதைத் தேய்த்துக்கொண்டே அவள் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்துவதாக இல்லை. ஆறிக்கொண்டிருந்த அவன் இலையைத் தன் பக்கம் இழுத்து, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சூடாகச் சால்னா ஊற்றச் சொன்னாள்.